துருப்பிடிக்கும் கத்தி வேண்டும்

கத்தி வாங்கப் புறப்பட்ட அன்று ரெங்கசாமி அண்ணன் சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்திருந்தார். அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் காந்தம் அது. டுரியான் பழ வடிவத்தில் பச்சையாக இருக்கும். எதற்கு என்று கேட்டதற்கு, கத்தி அசல் இரும்புதானா என்று பார்க்க வேண்டாமா என்றார். எவர்சில்வர் கத்தியும் காந்தத்தில் ஒட்டும் அண்ணே என்று சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் அவருக்கு எதிர்வீடு. சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் ஒரே மாடியில் இருபத்தாறு வருஷமாகக் கதவைத் திறந்தால் அவர் முகத்தில் நானும் என் முகத்தில் அவரும் விழித்துக்கொண்டிருக்கிறோம். என் பெயர் வெங்கடேஷ். பஸ் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இரும்பைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் ரெங்கசாமி அண்ணனிடம் கோபப்பட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அவர் முப்பத்தேழு வருஷம் தபால்காரர். சிராங்கூன் ரோட்டிலும் அதன் குறுக்குச் சந்துகளிலும் எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். விலாசம் தப்பாக எழுதிய கடிதத்தை மூன்று நாள் விசாரித்து உரியவர் கையில் சேர்த்த மனுஷன். பச்சை விளக்கு எரியாமல் ரோட்டைத் தாண்ட மாட்டார், நடுராத்திரியில் வண்டியே இல்லாவிட்டாலும் நிற்பார். கைவேலை மட்டும் சுத்தமாக வராது. ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் சுவரையும் விரலையும் சேர்த்து அடிப்பார். அப்படிப்பட்டவருக்குக் கத்தி எதற்கு? அவருக்கு இல்லை, அவர் மனைவி உமாமகேஸ்வரி அண்ணிக்கு.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் அண்ணிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சு இழுத்து இழுத்து வரும். ஆனால் புத்திக்கு ஒரு குறையும் இல்லை, முன்பு எங்கள் மாடி முழுவதையும் அதட்டி வைத்திருந்த அதே அண்ணிதான். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வேன் என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். ஒரு நாள் குளியலறையில் அண்ணியைத் தூக்கப் போய் இரண்டு பேரும் விழுந்தார்கள். அரை மணி நேரம் கழித்து நான்தான் கதவைத் தள்ளிக்கொண்டு போய்த் தூக்கினேன். அதற்குப் பிறகு மகள் நிவேதிதா யாரையும் கேட்கவில்லை. ஆங் மோ கியோவில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு முதியோர் இல்லத்தில் அம்மாவைச் சேர்த்துவிட்டாள். நல்ல இல்லம்தான். சுத்தம், காற்றோட்டம், நேரத்துக்குச் சாப்பாடு எல்லாம் உண்டு. பார்வையாளர்கள் ராத்திரி எட்டு மணிக்கு வெளியேறிவிட வேண்டும்.

அந்த எட்டு மணிதான் பிரச்சினையாகிப்போனது. மார்ச் மாதம் அண்ணிக்கு எதிர்க்கட்டிலில் இருந்த சீனப் பாட்டி இறந்துபோனார். நாலைந்து நாள் கழித்து, அந்தப் பாட்டி ராத்திரியில் தன் கால்மாட்டில் வந்து நிற்பதாக அண்ணி சொன்னார். ஒன்றும் செய்வதில்லையாம், வெறுமனே நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறாராம். அண்ணி மணியை அடிப்பார். ஆள் வரும், விளக்கைப் போடும், யாரும் இல்லையே என்று சொல்லிவிட்டுப் போகும். ஒரு ராத்திரிக்கு ஆறு தடவை, ஏழு தடவை. டாக்டர் மாத்திரையை மாற்றினார். அது பகலில் தூங்கவைத்ததே தவிர ராத்திரியில் ஒன்றும் செய்யவில்லை. நிவேதிதா இதெல்லாம் மூளையில் ரத்தம் அடைத்ததால் வருவது என்று இன்டர்நெட்டில் படித்துச் சொன்னாள். இவர் பெருமாள் கோயிலுக்கு நடந்தார், காளியம்மன் கோயிலுக்கு நடந்தார். கடைசியில் இல்லத்து மேலாளரிடம் போய், ராத்திரி ஒரு நாற்காலி மட்டும் கொடுங்கள், ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன் என்று கேட்டார். அது பெண்கள் வார்டு, விதி இடம் கொடுக்காது என்றார் அந்த அம்மாள். விதி என்ற வார்த்தையைக் கேட்டதும் இவர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிட்டார். அவ்வளவு சாது. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

பிறகு அண்ணியே வழி சொன்னார். நிவேதிதா பிறந்தபோது பிரசவ வார்டில் அண்ணியின் தலையணைக்கு அடியில் ஒரு பாக்குவெட்டி இருந்ததாம். பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் இரும்பு இருந்தால் எதுவும் கிட்டே அண்டாது என்பது நம் ஆட்களுக்குப் புதிதல்ல. அன்றைக்கு எனக்குப் பயமே இல்லை, எனக்கு இரும்பு கொண்டுவாங்க என்றார். அந்தப் பாக்குவெட்டி வீட்டைப் புதுப்பித்தபோது பழைய சாமானோடு போய்விட்டது. இவர் முதலில் ஒரு பெரிய ஆணியைக் கொண்டுபோனார். காலையில் படுக்கை விரிப்பவர்கள் அதை எடுத்துக் குப்பையில் போட்டார்கள். அடுத்து ஒரு பழைய சாவி. அதை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டார்கள். ஆணிக்கும் சாவிக்கும் யாருங்க பயப்படுவா, கத்தி வேணும் என்று அண்ணி அழுதாராம். அதைச் சொல்லும்போது இவரும் என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அழுதார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான். பட்டறையில் என்னோடு வேலை செய்த ஒருவன் பூட்ஸுக்குள் செருகிக்கொள்கிற சின்னக் கத்தி வைத்திருந்தான். நாலு அங்குல அலகு, மரப்பிடி, உறையில் ஒரு கிளிப். அந்தக் கிளிப்பைக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் மாட்டிவிட்டால் யார் விரிப்பு மாற்றினாலும் கீழே விழாது, கண்ணிலும் படாது என்று சொன்னேன். அவர் அழுகையை நிறுத்தினார்.

பீச் ரோட்டில் ராணுவச் சாமான்கள் விற்கிற மாடிக்குப் போனோம். கட்டாய ராணுவச் சேவைக்குப் போகிற பையன்கள் பூட்ஸும் பையும் வாங்க வருகிற இடம். ஒரு கடையில் ஐந்தாறு பூட் கத்திகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கடைக்காரப் பெரியவர் எடுத்து நீட்டினார். இவர் கையில் வாங்கவில்லை, மேசைமேல் வையுங்கள் என்று மலாயில் சொன்னார். கத்தியைக் கைக்குக் கை வாங்கினால் உறவு அறுந்துவிடும் என்பது அவர் எண்ணம். அந்தச் சீனப் பெரியவருக்கும் இவருக்கும் என்ன உறவு என்று எனக்கு விளங்கவில்லை. அப்புறம் டுரியான் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு கத்தியிலும் வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒட்டின. எது இரும்பு, எது எவர்சில்வர் என்று பிரிக்க முடியாமல் முகம் வாடிவிட்டது. அப்போது பெட்டியின் மூலையில் ஒரு கத்தியின் கழுத்தோரம் துரு தெரிந்தது. அதுதான் வேண்டும் என்றார். கடைக்காரர் அது பழசு, இதே விலைக்குப் புதிதாகத் தருகிறேன் என்றார். வேண்டாம், துருப்பிடிக்கும் கத்திதான் வேண்டும், துருப்பிடித்தால்தான் இரும்பு என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தேன். பதினைந்து வெள்ளிக்கு முடிந்தது.

மட்டமான கத்தி. பிடிக்குச் சிவப்புச் சாயம் அடித்து மேலே பளபளப்பாக வார்னிஷ் பூசியிருந்தார்கள். பிடியை இறுக்கிய பித்தளை ஆணிகள் இரண்டும் மரத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தன. மரத்துக்கும் அலகுக்கும் நடுவில் நகம் நுழைகிற இடைவெளி. உறை தோல்போல இருந்தது, தோல் இல்லை. இதை இப்படியே கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. என் சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடுகிற இடத்தில் சாமானை இறுக்கிப் பிடிக்கிற ஒரு சின்ன வைஸ் இருக்கிறது. அதில் மாட்டி ஆணிகளை அரத்தால் மரத்தோடு மட்டமாக ராவினேன். இடைவெளியில் மரத்தூளும் எபாக்ஸி பசையும் குழைத்து அடைத்தேன். உப்புத்தாள் தேய்க்கிற வேலையை மட்டும் அவருக்குக் கொடுத்தேன். முதலில் கரகரப்பான தாள், பிறகு நடுத்தரம், பிறகு மெல்லியது. நாலு நாள் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தேய்த்தார். சாயம் போய் உள்ளேயிருந்து வெளிர் பழுப்பில் அழகான ரேகை மரம் வந்தது. அவர் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஏழு மாசத்தில் என் கைபட்டுத் தேறின ஒரே பொருள் இதுதான் தம்பி என்றார்.

அலகு விஷயத்தில்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வார்டில் வைக்கிற பொருளில் கூர் இருக்கக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். நியாயம்தான். ஆனால் கத்தியைத் தீட்டித் தருகிறவனிடம் கொண்டுவந்து மொட்டையாக்கச் சொல்வது என்ன நியாயம்? இரண்டு பக்க விளிம்பையும் அரத்தால் தட்டையாக்கினேன், முனையை ஐஸ்கிரீம் குச்சிபோல உருட்டினேன். அவர் தன் முன்கையில் வைத்து அழுத்தி இழுத்துப் பார்த்தார். கோடுகூட விழவில்லை. அவருக்குத் திருப்தி. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கொண்டுபோன நாள் அவர் எம்ஆர்டி ரயிலில் ஏறவில்லை. நிலையத்தில் பையைச் சோதித்தால் என்ன செய்வது என்ற பயம். கத்தியைத் துண்டில் சுற்றி டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்து, மேல்தட்டில் எலுமிச்சைச் சாதம் வைத்து, பஸ்ஸில் போனார். போலீஸ் கார் ஒன்று தாண்டிப் போனபோது கேரியரை மடியோடு இறுக்கிக்கொண்டாராம். வாழ்நாளில் ஒரு தபால்தலையைக்கூடத் தப்பாக எடுக்காதவர்.

வார்டில் லீலா என்று ஒரு பெண் உண்டு. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து அங்கே தாதி உதவியாளராக வேலை பார்க்கிறாள், முப்பது வயதிருக்கும். அண்ணிக்கு உடை மாற்றுவதும் சோறு ஊட்டுவதும் அவள்தான். அவளுக்குத் தெரியாமல் கட்டிலில் எதையும் வைக்க முடியாது என்பதால் இவர் அவளிடம் மட்டும் காட்டினார். அவள் பதறவில்லை. எங்க ஊர்லயும் வைப்பாங்க அங்கிள், அக்கா பிரசவத்துக்கு அரிவாள்மனையே வச்சாங்க என்றாள். பிறகு அலகைத் தன் உள்ளங்கையில் வைத்து நன்றாகத் தேய்த்துப் பார்த்தாள். மொட்டை என்று உறுதியானதும் சரி என்றாள். உறைக்குள் கிடக்கிற கத்தி என்ன காவல் காக்கும் என்று அண்ணி அடம்பிடித்ததால், ராத்திரி படுக்கும்போது கத்தியை உறையிலிருந்து உருவித் தலையணைக்கு அடியில் வைப்பாள், தான் வேலையில் இல்லாத ராத்திரிகளில் வேலை முடிந்து போகும்போதே வைத்துவிட்டுப் போவாள், அவள் விடுமுறை நாளில் எட்டு மணிக்குப் புறப்படும்போது இவரே வைத்துவிட்டு வருவார், காலையில் அண்ணியைக் குளிக்க அனுப்பியதும் எடுத்துக் கட்டில் சட்டத்தில் இருக்கும் உறையில் செருகிவிடுவாள். மற்ற யாருக்கும் தெரியாது.

அண்ணி தூங்கினார். முதல் ராத்திரி ஒரு தடவைதான் மணி அடித்தாராம், அடுத்த ராத்திரி அடிக்கவே இல்லை. பத்துப் பதினைந்து நாள் இப்படிப் போனது. ரெங்கசாமி அண்ணன் மறுபடியும் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். சனிக்கிழமை தேக்கா சந்தைக்குப் போய் எனக்கும் சேர்த்து மீன் வாங்கி வந்தார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அண்ணி கத்தியைத் தன் கையில் கேட்டார். இடது கைதான் வேலை செய்யும். இவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கையில் வைத்தார். அண்ணி கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். நாற்பது வருஷம் சமையலறையில் நின்றவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"இது வெண்ணெய் தடவுற கத்திங்க," என்றார். "இத்தனை நாள் இதை வச்சா படுத்திருந்தேன்?"

அன்று ராத்திரி ஒன்பது தடவை மணி அடித்தார். மறுநாள் சாப்பிட மறுத்தார். அதற்கடுத்த நாள், எட்டு மணி ஆகிவிட்டது, போய்வருகிறேன் என்று இவர் எழுந்தபோது இடது கையால் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. லீலா வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. இவர் வீட்டுக்கு வந்து என் கதவைத் தட்டினார். கத்தி மேல்சட்டைக்குள் இருந்தது. மேசைமேல் வைத்தார்.

"கொஞ்சம் தீட்டிக் குடு தம்பி. விரல்ல வச்சா கூர் தெரியணும், அவ்வளவுதான்."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். முனையோரம் ஓர் அங்குலத்துக்கு மட்டும் லேசாகத் தீட்டிக் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. என்னுடைய ஒரு வேலையை ஒரு பெண்பிள்ளை வெண்ணெய்க் கத்தி என்று சொல்லிவிட்டாளே என்பதுதான் என் மண்டையில் நின்றது. வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. சாணைக்கல்லை ஊறப்போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். தட்டையாக்கிய விளிம்பை மறுபடி இறக்கி, சாய்வு பிடித்து, மெல்லிய கல்லில் ஏற்றி, கடைசியாக என் பழைய தோல் பெல்ட்டில் இழுத்தேன். கை ரோமம் பட்டதும் உதிர்ந்தது. இரண்டு பக்கமும், அடியிலிருந்து நுனிவரை. ரெங்கசாமி அண்ணன் பார்த்துவிட்டு, இவ்வளவு வேண்டாமே என்றார். இரும்புன்னா இப்படித்தான் இருக்கணும் அண்ணே என்று சொன்னேன்.

அதை அவர் கொண்டுபோன அன்றைக்கு லீலாவுக்கு விடுமுறை. அவள் இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று இவருக்குத் தெரியும், அதனால் விடுமுறை நாளாகப் பார்த்துத்தான் போனார். மறுநாள் போய் முதல் வேலையாகச் சொல்லிவிடுவேன் என்று என்னிடம் சொன்னார். அண்ணி கட்டைவிரலால் தடவிப் பார்த்து, ம் என்று தலையை ஆட்டினாராம். எட்டு மணிக்கு இவரே தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார். பார்வையாளர் நேரம் மறுநாள் பதினொரு மணிக்குத்தான் தொடங்கும். லீலாவின் வேலை காலை ஏழுக்கே தொடங்கிவிடும். இந்தக் கணக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. லீலாவின் போன் நம்பர்கூட இவரிடம் இருந்தது.

காலையில் வேறொரு பெண் அண்ணியைச் சக்கர நாற்காலியில் குளியலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். லீலா விரிப்பு மாற்ற வந்தாள். தினமும் செய்கிற மாதிரி தலையணைக்கு அடியில் கையை விட்டு, அலகைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள்.

என் கைவேலை அது. நாலு விரலிலும் உள்பக்கம் இறங்கியது. இரண்டு விரலில் நரம்பு அறுந்துபோனது.

மேலாளர் அறையில் ரெங்கசாமி அண்ணனையும் நிவேதிதாவையும் உட்காரவைத்துக் கேட்டார்கள். இவர் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். நானே வாங்கினேன், நானே ஒளித்துவைத்தேன், யாருக்கும் தெரியாது என்றார். லீலாவும் ஆஸ்பத்திரியிலிருந்து அதையேதான் சொல்லியிருந்தாள், தெரியும் என்று சொன்னால் அவள் வேலை அன்றே போயிருக்கும். யார் தீட்டியது என்று கேட்டபோது இவர், நானே யூடியூப் பார்த்துத் தீட்டினேன் என்றார். போலீஸ்காரர் ஒருவர் வந்து எழுதிக்கொண்டு, கத்தியையும் எடுத்துக்கொண்டு, எச்சரித்துவிட்டுப் போனார். இனிமேல் வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மணி நேரம், பையைச் சோதித்தபிறகு, பக்கத்தில் ஓர் ஊழியர் நிற்க, மனைவியைப் பார்க்கலாம் என்று இல்லத்தில் முடிவு செய்தார்கள். அண்ணியிடம் எதுவும் சொல்ல வேண்டாம், லீலா ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் முடிவானது.

அன்று சாயந்தரம் நிவேதிதா அப்பாவை வீட்டில் விட வந்தாள். என் வீட்டுக் கதவு திறந்திருந்தது.

"அங்கிள், அப்பாவுக்கு ஒரு பென்சில் சீவத் தெரியாது," என்றாள். "எப்படி லா அவர் தீட்டியிருப்பார்?"

அவளுக்குப் பின்னால் நின்ற ரெங்கசாமி அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை இல்லை என்று ஆட்டினார். நான் அந்தத் தலையசைப்பைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். அவள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு லிஃப்டுக்குப் போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து லீலாவைச் சந்தித்தோம். சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அவளே வரச் சொன்னாள். கையில் கட்டு பிரித்திருந்தார்கள். சோறு வந்ததும் கடைப் பையனிடம் கரண்டி கேட்டாள், இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு குழம்புச் சோற்றைச் சாப்பிட்டாள். வலது கையை மேசைக்கு அடியில் வைத்திருந்தாள். ரெங்கசாமி அண்ணன் எதுவும் சாப்பிடவில்லை. அவளை ஏறிட்டுப் பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் இலையையே வெறித்துக்கொண்டிருந்தார்.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போது துணி மடிக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றாள். வேலை அனுமதி செப்டம்பரில் முடிகிறது, அதற்குள் விரல் மடங்கினால் நீட்டிப்பார்கள், இல்லாவிட்டால் தெரியவில்லை என்றாள். ஊரில் தம்பி படிப்பு இவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. இவர் சட்டைப் பையிலிருந்து பணம் வைத்த ஓர் உறையை எடுத்தார். அவள் அதைத் தொடவில்லை.

"மொட்டைன்னு நெனச்சுத்தான் அங்கிள் பிடிச்சேன்," என்றாள். "ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே."

தீட்டியவன் நான்தான் என்று அப்போதாவது சொல்ல வாயெடுத்தேன். ரெங்கசாமி அண்ணன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். ஏன் மிதித்தார் என்று பிறகு கேட்டேன். உன்னைச் சொல்லி அந்தப் பிள்ளைக்கு விரல் மடங்கவா போகுது என்றார்.

போன வெள்ளிக்கிழமை அவரோடு நானும் இல்லத்துக்குப் போனேன். வாசலில் டிபன் கேரியரைத் தட்டுத் தட்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். தயிர்சாதமும் உருளைக்கிழங்கும்தான் இருந்தன. ரெங்கசாமி அண்ணன் கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, சோதிக்கச் சொல்லாமலே நின்றார்.

அண்ணி ஜன்னலோரம் சாய்ந்து படுத்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. சோறு ஊட்டி முடித்ததும், கூட நின்ற ஊழியர் சற்றுத் தள்ளிப்போய் போனைப் பார்க்க ஆரம்பித்தார். அண்ணி தணிந்த குரலில் கேட்டார்.

"இருக்கா?"

"இருக்கு," என்றார் அண்ணன்.

"கூரா?"

"வெங்கடேஷ் தீட்டினது. கேக்கணுமா?"

அண்ணி தலையை ஆட்டினார். அப்ப நீங்க நிம்மதியா போய்த் தூங்குங்க என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மணி நேரம் முடிந்தது. அண்ணன் கையெழுத்துப் போட ஊழியரோடு முன்னால் போனார். நான் டிபன் கேரியரை எடுக்கக் குனிந்தேன். அண்ணியின் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. கண் திறந்துதான் இருந்தது.

"லீலா விரல் மடங்குதா?" என்று கேட்டார்.

நான் கேரியரைக் கீழே வைத்துவிட்டேன்.

"கத்தி இல்லைன்னு எனக்குத் தெரியும்," என்றார். ஒவ்வொரு வார்த்தையும் இழுத்து இழுத்துத்தான் வந்தது. "குளிச்சிட்டு வந்தப்போ மெத்தையில ரத்தம் ஊறியிருந்துச்சு. அவர்கிட்ட சொல்லிடாதே. அவருக்குப் பண்றதுக்கு வேற ஒண்ணும் இல்ல."

ராத்திரியில் அந்தப் பாட்டி இன்னும் வருகிறாரா என்று கேட்டேன். வர்றா, என்றார். மணி அடிக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். மணி அடித்தால் புத்தகத்தில் எழுதுகிறார்கள், நிவேதிதாவுக்குச் சொல்கிறார்கள், அவள் அப்பாவுக்குச் சொல்லிவிடுவாள். அதனால் விடிகிறவரைக்கும் கால்மாட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதாகச் சொன்னார். பிறகு என் கையை விட்டார்.

பஸ் நிறுத்தத்தில் ரெங்கசாமி அண்ணன் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, இந்த வாரம் ஒரு தடவைகூட உமா மணி அடிக்கவில்லையாம், ஊழியர் சொன்னார் என்றார்.

"பச்சைப் பொய் சொல்றேன் தம்பி, கல்யாணம் ஆனதுலேர்ந்து அவகிட்ட பொய் சொன்னதில்ல," என்றார். "ஆனா நம்புறா. நம்புறதால தூங்குறா. இல்லையா?"

எங்கள் பஸ் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது. அவர் என் பதிலுக்காக எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நம்புறாங்க அண்ணே," என்றேன்.